பெண் பிள்ளைகளுக்கு ஊரிலேயே கம்ப்யூட்டர் வகுப்பு: இடம் பிடிப்பது முதல் சாவியைக் கைமாற்றுவது வரை

கடலூரிலோ பாண்டியிலோ ஏதாவது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சாயங்கால வேளையில் எட்டிப் பாருங்கள். தட்டிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். லோயர், ஹையர் முடித்து குரூப் 4 எழுதித் தட்டச்சர் வேலைக்குப் போக வேண்டும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் "எங்க ஊர்ல பொண்ணுங்கள மெஷின் பக்கம் அனுப்ப மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்தால் என்ன கிடைக்கும், அங்கே யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள், இது தெரிந்தால் அனுப்புகிறார்கள்.

பிறகு ஏன் இவ்வளவு இடைவெளி? 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள் நாடு முழுவதும் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம். தமிழ்நாட்டில் ஆண்கள் 70, பெண்கள் 47. நாம் கொஞ்சம் மேல்தான், ஆனால் வித்தியாசம் இங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவுதான்: அங்கே 24 புள்ளி, இங்கே 23. வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அது அண்ணன் கையில் இருக்கும், பாத்திரம் விளக்கி, தண்ணீர் பிடித்து வைத்த பிறகு மிஞ்சிய நேரத்தில்தான் தங்கச்சிக்கு. பள்ளி லேபில் ஒரு கணினிக்கு ஐந்து பேர் உட்கார்ந்தால் மவுஸ் ஒருவர் கையிலேயே தங்கிவிடும். ஆர்வம், மூளை எதற்கும் குறைவில்லை, மெஷினில் கை வைத்த மணி நேரம்தான் குறைவு. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த மணி நேரத்தை எப்படிக் கூட்டுவது என்பதற்காகத்தான்.

கணக்கு இது. 8ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை 10 அல்லது 12 பெண்கள், இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப், சனி ஞாயிறு இரண்டரை மணி நேரம், 12 வாரம். மொத்தம் 60 மணி நேரம், ஆளுக்கு 30 மணி நேரம் கீபோர்டு அவள் கையில். ஒரு நோட்டுப் போட்டு யார் எத்தனை நிமிஷம் கை வைத்தாள் என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: முதலில் அம்மாக்கள்

நோட்டீஸ் அடித்து ஒட்டுவதற்கு முன்னால் மகளிர் குழுக் கூட்டம் எப்போது என்று விசாரித்துப் போய் உட்காருங்கள். அங்கே "தொழில்நுட்பம்", "அதிகாரமளித்தல்" என்று ஆரம்பித்தால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். டைப்ரைட்டிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். "டைப்ரைட்டிங் முடிச்ச பொண்ணு அடுத்து சிஓஏ எழுதணும் இல்லையா, அதுக்குக் கம்ப்யூட்டர் தெரியணும், அத இங்கயே சொல்லித் தரோம்" என்றால் உடனே புரியும். சிஓஏ என்பது தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் அலுவலகக் கணினித் தேர்வு. அரசுத் தட்டச்சர் வேலைக்கு அதைக் கேட்பார்கள் என்பது பாதி அம்மாக்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "போன், நெட்டுன்னு பழகிட்டு வேற எதுலயாவது மாட்டிக்கிட்டா?" இதைச் சிரித்து ஒதுக்காதீர்கள், நியாயமான பயம். முதல் நான்கு வாரம் இணையமே கிடையாது, அதற்குப் பிறகு இணையம் திறக்கும் நாளில் நீங்களும் வந்து உட்காருங்கள் என்று சொல்லுங்கள். நேரில் பார்த்தவர்கள் அப்புறம் தடுப்பதில்லை.

அப்பாக்களிடம் யார் பேசுவது? அம்மாவே பேசிக்கொள்வார். நீங்கள் இடையில் போனால் சில வீடுகளில் விஷயம் கெட்டுவிடும்.

படி 2: இடமும் நேரமும்

யாருக்கும் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய இடம் வேண்டும். இதில் ஜாதியும் இருக்கிறது, மழுப்ப வேண்டாம். ஊர்க் கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் காலனிப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்றால் அந்த இலவசம் வேண்டாம். கிளை நூலகம், மகளிர் குழுக் கட்டிடம், கடலோர ஊர்களில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையம், இவற்றில் ஒன்றைக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரியே இருக்கிறது. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊர் தர வேண்டும், யார் வேண்டுமானாலும் உள்ளே வர முடிய வேண்டும் என்பது நிபந்தனை. கணினியை இயக்கியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 சுனாமியன்று நல்லவாட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து எச்சரித்து ஒரு போன் வந்தது, மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே காலி செய்தார்கள். கடலூர் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த கதை இது, ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. முதல் வகுப்பில் சொல்லுங்கள்.

இடம் பார்க்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாதத்தில் சில நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி மீனவ ஊர்களில் அம்மா விடியற்காலையிலேயே மீன் எடுக்கப் போய்விடுவார், காலைச் சமையலும் தம்பி தங்கைகளும் மகள் பொறுப்பு. அங்கே மதியம் 2 மணிக்கு வையுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காலத்தில் வீட்டோடு வேலை இருக்கும், மார்ச்சில் புதிய வகுப்பு தொடங்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த நேரமும் புயல், மழை, லீவு. ஜூலையில் ஆரம்பித்தால் மழைக்கு முன் முடித்துவிடலாம். எதுவானாலும் இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து அதற்கு ஏற்றாற்போல் வகுப்பை முடியுங்கள்.

படி 3: மெஷின் எங்கிருந்து வரும்

புதிதாக வாங்கப் பணம் தேடி ஆறு மாதம் அலைய வேண்டாம். 2011லிருந்து பல வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. பேட்டரி செத்திருக்கும், சார்ஜரில் போட்டால் ஓடும். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றி எடுக்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. ராம் 4 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய மெஷினுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ வகை. நத்தை மாதிரி இருந்த மெஷின் நிமிஷத்துக்குள் திறக்கும். கூடவே எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபிஸ், இணையமில்லாமல் தமிழ் விக்கிப்பீடியா படிக்க கிவிக்ஸ், இரண்டையும் போட்டுவிடுங்கள். இரண்டும் இலவசம்.

கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் உப்புக்காற்று யுஎஸ்பி பின்களையும் ராம் பின்களையும் அரிக்கும். வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள்.

போன் மட்டும்தான் கிடைக்கும் என்றால்? போனில் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் அதில் கற்பது பெரும்பாலும் பார்க்கத்தான். செய்து பழகக் கீபோர்டு வேண்டும். ஐந்து பழைய லேப்டாப் கிடைக்கும் வரை காத்திருந்தாலும் பரவாயில்லை.

படி 4: சொல்லித் தருபவர்

பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வரும் இன்ஜினியர் அண்ணன் நல்லவர்தான், ஒரு நாள் வந்து பேசட்டும். வாராவாரம் நிற்க வேண்டியது பக்கத்துத் தெரு அக்கா. பெரியார் கலைக் கல்லூரியிலோ, பாண்டியில் பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலோ, லாஸ்பேட்டை மகளிர் பாலிடெக்னிக்கிலோ கணினி படிக்கும் பெண் ஒருத்தி உங்கள் ஊரிலேயே இருப்பாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, தெரியாததைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடத் தெரிந்தால் போதும். பஸ் செலவாவது கொடுங்கள், முடிந்தால் மாதச் சம்பளம். "சேவை" என்று சொல்லி ஒரு பெண்ணின் உழைப்பை ஓசியில் வாங்கிவிட்டுப் பெண் முன்னேற்றம் பேசுவது நன்றாக இல்லை.

சொல்லித் தருபவருக்கு ஒரே சட்டம்: பிள்ளையின் மவுஸை வாங்கிச் செய்து காட்டக் கூடாது. கை பின்னால் இருக்கட்டும், வாயால் சொல்லலாம். கேட்க எளிதாக இருக்கும், கடைப்பிடிக்கத்தான் கஷ்டம்.

படி 5: முதல் மூன்று வாரம்

முதல் நாள் ஓடாத பழைய சிபியு ஒன்றை மேஜையில் வைத்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுங்கள். ராமைக் கழற்றி, பின்களை அழிரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகச் சொல்லுங்கள். ஏற்கெனவே செத்த மெஷின், அதனால் "உடைஞ்சிடுமோ" என்ற பயத்துக்கு வேலையில்லை. பெண் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் பெரிய தடை இந்தப் பயம்தான். வீட்டில் எதைத் தொட்டாலும் "கெடுத்துடாத" என்று கேட்டு வளர்ந்தவர்கள்.

இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப் என்றேன் இல்லையா, ஒருத்தி கீபோர்டில், இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வதென்று சொல்வாள். 15 நிமிஷத்துக்கு ஒரு அலாரம், அடித்ததும் இடம் மாற வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. அலாரம் இல்லாமல் விட்டால் துறுதுறுப்பானவள் கையிலேயே மெஷின் நின்றுவிடும். பெண்கள் மட்டும் உள்ள வகுப்பிலும் இது நடக்கும்.

தட்டச்சுக்குத் தினமும் 20 நிமிஷம். தமிழுக்கு தமிழ்99 பழக்குங்கள். 1999 சென்னை மாநாட்டில் முடிவான விசைப்பலகை, உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் ஏற்கெனவே போனில் வந்திருக்கும், முணுமுணுப்பார்கள், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். கோப்பு, ஃபோல்டர், பென் டிரைவ், பெயர் வைத்துச் சேமிப்பது, சேமித்ததைத் தேடி எடுப்பது எல்லாம் இந்த மூன்று வாரத்துக்குள்.

படி 6: அம்மாவின் கடன் கணக்கு

என்னைக் கேட்டால் முழு வகுப்பிலும் முக்கியமான பகுதி இதுதான், நான்காம், ஐந்தாம் வாரங்களை இதற்கு ஒதுக்குங்கள். லிப்ரே ஆபிஸில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் கால்க்கைத் திறந்து, அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனை அதில் போடச் சொல்லுங்கள்.

ஓர் உதாரணம்: 20,000 ரூபாய் கடன், 10 மாதம், மாதம் 2,000 அசல் கட்ட வேண்டும், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. நான்கு பத்தி போதும்: மாதம், மீதி அசல், அந்த மாத வட்டி, கட்ட வேண்டிய தொகை. முதல் மாதம் மீதி 20,000, வட்டி 200, கட்ட வேண்டியது 2,200. இரண்டாம் மாதம் மீதி 18,000, வட்டி 180. இதற்கு மேல் கையால் எழுதவிடாதீர்கள். "மேல் கட்டத்தில் இருப்பதிலிருந்து 2,000 கழி" என்று ஒரு சூத்திரம், "மீதியை 100ஆல் வகு" என்று இன்னொன்று, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் பத்து மாதமும் தானே நிரம்பும். அந்த இடத்தில் ஒரு சத்தம் வரும் பாருங்கள். கூட்டினால் மொத்த வட்டி 1,100.

இப்போது கேளுங்கள்: வாசலுக்கு வந்து கடன் கொடுக்கிறவரும் அதே நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் என்கிறார், ஆனால் அசல் குறைந்தாலும் 20,000க்கே கடைசிவரை வட்டி போடுகிறார், அப்படியானால்? மாதம் 200, பத்து மாதத்துக்கு 2,000. ஒரே வட்டி என்று சொன்ன இரண்டு கடனில் 900 ரூபாய் வித்தியாசம். இதைப் பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வாரம் குழுத் தலைவியே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "எங்க கணக்கையும் போட்டுக் குடு பாப்பா" என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அதற்குப் பிறகு மகளை வகுப்புக்கு அனுப்பலாமா என்ற பேச்சு அந்த வீட்டில் எழாது. ஒரே எச்சரிக்கை: வீட்டுக் கடன் விவரத்தை மற்றப் பிள்ளைகள் முன்னால் திரையில் காட்ட வேண்டாம், வகுப்பில் கற்பனைத் தொகையே போதும்.

படி 7: இணையம் திறக்கும் நாள்

ஐந்தாம் வாரக் கடைசியில், அம்மாக்களையும் கூப்பிட்டு வைத்துத் திறங்கள். கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, ஓடிபியை யாருக்கும் சொல்லாமல் இருப்பது எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். நேரம் எடுத்துப் பேச வேண்டியது போட்டோவை மார்பிங் செய்து மிரட்டுவதைப் பற்றி.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது: அப்படி நடந்தால் தப்பு உன்னுடையது கிடையாது. எதையும் அழிக்காதே, ஸ்க்ரீன்ஷாட் எடு, பணமோ இன்னொரு படமோ அனுப்பாதே, ஒரு பெரியவரிடம் சொல். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்றத்துக்கு 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது.

அம்மாக்களிடம் ஒரே ஒரு வாக்கு வாங்குங்கள்: பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம். பிடுங்குவார்கள் என்று தெரிந்தால் அவள் சொல்லவே மாட்டாள், மிரட்டுகிறவனுக்கு அதுதான் வசதி.

படி 8: நிரல் எழுதுவது

ஆறு முதல் பத்தாம் வாரம் வரை. ஸ்னாப் என்ற மென்பொருளில் தொடங்கலாம். பிளாக்குகளை இழுத்து ஒட்டினால் நிரல், தமிழ் இடைமுகமும் உண்டு, இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் தேவையில்லை. முதல் பாடம் சதுரம்: 100 அடி போ, 90 டிகிரி திரும்பு, இதை 4 முறை. அந்தச் சதுரத்தை வரைந்ததும் 10 டிகிரி திரும்பச் சொல்லி மொத்தத்தையும் 36 முறை சுற்றவிட்டால் பூ மாதிரி ஓர் உருவம் வரும். 10ஐ 15 ஆக்கினால் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 24 என்று யாராவது சொல்லும் வரை பதில் சொல்லாதீர்கள்.

அப்புறம் கோலம். 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி: வரிசையாக 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. இதை வரைய ஒரு சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி வேண்டும், நடு வரிசை வந்ததும் கூட்டுவதை நிறுத்திக் குறைக்க ஒரு நிபந்தனை வேண்டும், ஒவ்வொரு வரியின் தொடக்கமும் அரைப் புள்ளி நகர வேண்டும். சுழற்சி, மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும் 'மாறி', நிபந்தனை மூன்றும் இந்த ஒரு பயிற்சியில் வந்துவிடும். கோலத்துக்கும் கணினியியலுக்கும் உள்ள உறவு நான் கட்டிவிட்டதல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் ராணி சிரோமணி, கிஃப்ட் சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974லேயே கோல வடிவங்களை விளக்கும் கணினி இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இரண்டு பேர் பெண்கள். கம்ப்யூட்டர் மேதை என்றால் வெளிநாட்டு ஆண் படம்தான் ஞாபகம் வரும் பிள்ளைகளுக்கு இது தெரியட்டும்.

ஆனால் கோலத்தோடு நின்றுவிடாதீர்கள். பெண் பிள்ளைகள் என்றால் கோலம், சமையல், மருதாணி என்றே உதாரணம் காட்டுவதும் ஒரு வேலிதான். அடுத்த வாரம் கிரிக்கெட் ஸ்கோர் போர்டு, அதற்கடுத்து பஸ் நேர அட்டவணை. ஒன்பதாம், பத்தாம் வாரம் பைத்தான் என்ற நிரல் மொழி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தால் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான், அதனால் இங்கே பழகியது அங்கே உதவும். நிரல் எழுதத் தனி எடிட்டர் தேட வேண்டாம், பாடப்புத்தகத்தில் வரும் ஐடில் என்ற எடிட்டரே போதும். நிரலில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி வரியில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். தமிழில் படித்துத் தொடர விரும்புகிறவர்களுக்கு கணியம் அறக்கட்டளை வெளியிடும் இலவச மின்னூல்கள் இருக்கின்றன, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

பத்தாம் வார வாக்கில் தம்பிமார், அண்ணன்மார் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குத் தனி வகுப்பு வையுங்கள், இதில் கலக்காதீர்கள். இந்த 12 வாரம் முடிந்த பிறகு கலந்தால் பயமில்லை, அப்போது நம் பெண்கள் மவுஸை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

படி 9: தண்ணீர்த் தொட்டி அலாரம்

கடைசி இரண்டு வாரம் கம்பியும் சால்டரிங் அயனும். மாடித் தொட்டி நிரம்பினால் பஸ்ஸர் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, தண்ணீரில் தொங்க இரண்டு கம்பி. தண்ணீர் இரண்டு கம்பியையும் தொட்டதும் கரண்ட் ஓடி பஸ்ஸர் அடிக்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு என்பதால் செப்புக் கம்பி சீக்கிரம் பச்சை பிடித்துவிடும், முனைக்கு எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள். பேட்டரியோடு நிறுத்துங்கள், மோட்டார் ஸ்விட்ச் பக்கமோ 230 வோல்ட் பக்கமோ யாரும் போகக் கூடாது. ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை கிடைத்தால் அடுத்த வகுப்பில் இதையே அதில் செய்யலாம்.

படி 10: 12 வாரத்துக்குப் பிறகு

இங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் செத்துப்போகின்றன. விழா, சான்றிதழ், குரூப் போட்டோ, லேப்டாப் மறுபடி பீரோ மேல். விழாவைச் சின்னதாக வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மதியம் இடத்தைத் திறந்தே வையுங்கள், பாடம் எதுவும் வேண்டாம், வந்து உட்கார்ந்து அவரவர் வேலையைச் செய்யட்டும். சாவி மூத்த பெண் இருவரிடம் இருக்கட்டும். அடுத்த வகுப்புக்கு அவர்களே உதவி ஆசிரியர்கள்.

பத்தாவது முடிக்கிறவளிடம் பாலிடெக்னிக், ஐடிஐயில் கோபா என்ற ஒரு வருடக் கணினிப் பிரிவு, பிளஸ் ஒன் கணினி அறிவியல் என்று எல்லா வழியையும் அம்மா இருக்கும்போதே பேசுங்கள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும், 2022 செப்டம்பரில் தொடங்கியது. புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது, எல்லையோர ஊர்களில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வீண் எதிர்பார்ப்பு.

கை வைத்த நேரம் எழுதிய அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். 30 மணி நேரத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் யார், ஏன் என்று ஒவ்வொருத்தியாக விசாரியுங்கள். ஒருத்திக்கு பஸ், ஒருத்திக்குக் கைக்குழந்தைத் தம்பி, ஒருத்திக்கு ஜோடி சரியில்லை. தம்பியையும் கூட்டிவரச் சொல்லி ஒரு பாய் விரித்துப் போடலாம், ஜோடியை மாற்றலாம், வகுப்பை அரை மணி தள்ளலாம். அடுத்த வகுப்புக்கு ஆள் சேர்க்கும்போது முதல் இடம் இவர்களுக்குக் கொடுங்கள், புதியவர்கள் அப்புறம்.